பழைய மெர்சிடிஸ் 240டி-யில் டர்போ டீசல் இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெர்சிடிஸ் நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்திய டபிள்யூ123 வரிசை, பத்தாண்டுகளில் சுமார் 27 லட்சம் கார்களாகப் பெருகியது. மொராக்கோவில் ஊர் விட்டு ஊர் போகும் பெரிய டாக்ஸிகள் நெடுங்காலம் இவைதான். அந்த வரிசையில் 240டி என்ற டீசல் மாடலை வைத்திருந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வண்டி சாகாது, ஆனால் எதற்கும் அவசரப்படாது.

அமெரிக்காவில் இருந்த காலத்தில் என் 1983 மாடல் 240டி-யில், அதே வரிசையைச் சேர்ந்த 300டி-யின் டர்போ டீசல் இன்ஜினை மாற்றிப் போட்டேன். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அப்போதிருந்து நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

240டி-யில் அப்படி என்ன குறை? எதற்கு இன்ஜினை மாற்ற வேண்டும்?

அதில் இருப்பது ஓஎம்616 என்ற 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். தொடக்கத்தில் 65 குதிரைசக்தி, 1978-க்குப் பிறகு 72. வண்டியின் எடை 1,400 கிலோவுக்குப் பக்கம். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 20 விநாடிக்கு மேல் ஆகும். நகரத்துக்குள் இது ஒரு பிரச்சினையே இல்லை. நெடுஞ்சாலையில் சேரும்போதுதான் தெரியும்: ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துவிட்டு, பின்னால் வரும் லாரிக்காரர் நல்லவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது அன்றாட வழிபாடாகிவிடும். ஏசி போட்டால் வேண்டுதல் இன்னும் நீளும்.

வண்டி ஊருக்குள் மட்டும்தான் ஓடுகிறது, இன்ஜினும் நன்றாக இருக்கிறது என்றால் மாற்றாதீர்கள். வால்வ் இடைவெளியைச் சரிசெய்து, டீசல் ஃபில்டர்களை மாற்றி, ஆக்ஸிலேட்டர் கம்பிகள் முழுத் தூரம் போகின்றனவா என்று பாருங்கள். மிதியை முழுக்க மிதித்தும், சிலிண்டர்களுக்கு டீசலைப் பீய்ச்சும் டீசல் பம்பின் நெம்புகோல் முக்கால் தூரம்தான் நகரும் வண்டிகள் நிறைய உண்டு. அதைச் சரிசெய்ததும் "இதுவே போதும் சார்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

எந்த டர்போ இன்ஜின் பொருந்தும்?

என் பதில் ஒன்றே ஒன்று: ஓஎம்617 டர்போ. ஐந்து சிலிண்டர், 2,998 சிசி, சுமார் 125 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். ஓஎம்616-க்கு இது அண்ணன் முறை. அதே குடும்பம், ஒரு சிலிண்டர் கூடுதல்.

இதன் வரலாறு கொஞ்சம் சுவையானது. பயணிகள் காரில் ஐந்து சிலிண்டர் இன்ஜினை உலகத்துக்கு முதலில் கொண்டுவந்தது, டபிள்யூ123-க்கு முந்தைய வரிசையில் 1974-இல் வந்த 240டி 3.0 மாடல். அந்த இன்ஜினில் டர்போவைச் சேர்த்து, சி111 என்ற சோதனைக் காரில் பொருத்தி, 1976-இல் இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் 60 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். 190 குதிரைசக்தி, சராசரி வேகம் 252 கி.மீ. டீசல் என்றால் டாக்ஸி என்றிருந்த காலம் அது. அப்புறம் 1978 மாடலாக, அமெரிக்கச் சந்தைக்கென்றே 300எஸ்டி வந்தது. தொழிற்சாலையிலிருந்து டர்போ டீசலோடு வெளிவந்த முதல் கார் அதுதான். அங்கே எரிபொருள் சிக்கனச் சட்டம் கடுமையாகி, ஒவ்வொரு நிறுவனமும் தன் கார்களின் சராசரி மைலேஜைக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பெரிய காரை விற்கவும் வேண்டும், கணக்கும் சரியாக வர வேண்டும். அந்த நெருக்கடிக்குப் பிறந்த பிள்ளை இந்த இன்ஜின்.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மானியர்களுக்கு டபிள்யூ123 டர்போ டீசல் ஸ்டேஷன் வேகனில் மட்டுமே கிடைத்தது. செடானில் அந்த இன்ஜின் அமெரிக்கா பக்கம் போயிற்று. அதனால் இந்த வேலைக்கு ஏற்ற கார்கள் அமெரிக்காவில்தான் அதிகம். செடானாக இருந்தால் 1982 முதல் 1985 வரையிலான 300டி மாடல்களைத் தேடுங்கள். 1985-இல் கலிபோர்னியாவுக்கென வந்தவற்றில் புகையைப் பிடிக்கும் கூடுதல் சாதனம் ஒன்று உண்டு. அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இருக்கிற இன்ஜினிலேயே ஒரு டர்போவை மாட்டிவிட்டால் என்ன?

மாட்டலாம், மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் டர்போ இன்ஜின் என்பது வெளியே ஒரு நத்தையைத் தொங்கவிட்ட சாதா இன்ஜின் அல்ல. ஓஎம்617 டர்போவில் ஒவ்வொரு பிஸ்டனின் அடியிலும் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் நாசில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுகளின் தண்டுக்குள் வெப்பத்தைக் கடத்த சோடியம் அடைத்திருக்கிறார்கள். கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, கடினப்படுத்தப்பட்டது, ஆயில் பம்பும் பெரியது. டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறதோ அதற்கேற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பும் டீசல் பம்பின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இவை எதுவும் 240டி-யில் கிடையாது. குறைந்த அழுத்தத்தில், காலைப் பார்த்து வைத்து ஓட்டினால் ஓடும். மலைப்பாதையில் ஒருநாள் மறந்து மிதித்தால் பிஸ்டன் உருகும்.

இன்ஜின் மட்டும் வாங்கினால் போதாதா? முழு காரும் எதற்கு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நான் முதலில் இன்ஜின் மட்டும் வாங்கியவன். பழைய கார்களை உடைத்து விற்கும் ஒரு யார்டில், பலகையில் கட்டி வைத்திருந்தார்கள். விலை மலிவு. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இல்லாதவற்றின் பட்டியல் தொடங்கியது. இன்ஜினைப் பிடிக்கும் கைகள் இல்லை. மவுண்டிங் இல்லை. ஆயில் கூலரும் அதன் குழாய்களும் இல்லை. டர்போவிலிருந்து இறங்கும் சைலன்சர் குழாயைக் கேஸ் கட்டரால் வெட்டியிருந்தார்கள். ரேடியேட்டர், விசிறி மறைப்பு, ஏர் ஃபில்டர் தாங்கி, ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஐந்து ஹீட்டர் பிளக்குக்கான ரிலே, ஆக்ஸிலேட்டர் கம்பிகள், வேக்யூம் குழாய்கள்... எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடி வாங்கினால், ஒரு முழு காரின் விலை தாண்டிவிடும்.

இத்தனைக்கும் மேல், முன்பக்கம் இருக்கும், காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் வேக்யூம் பம்பைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பேரிங்கில் இரண்டு குண்டுகளைக் காணோம். பம்ப் உடைந்து குண்டுகள் டைமிங் செயின் பக்கம் விழுவது இந்த இன்ஜினின் பிரசித்தி பெற்ற வியாதி. என் அதிர்ஷ்டம், இரண்டும் ஆயில் சம்பில், அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டியில், கிடந்தன. ஆனாலும் அந்த இன்ஜின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்புறம்தான் அடித்தட்டு முழுக்க உப்புத் துருவேறி, ஆனால் இன்னமும் ஓடிக்கொண்டிருந்த ஒரு 300டி-யை வாங்கினேன். பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் வட மாநிலங்களில் இப்படிப்பட்ட கார்கள் கிடைக்கும்: உடம்பு போய்விட்டது, உயிர் அப்படியே இருக்கிறது. அதை ஓட்டிப் பார்த்து, சூட்டில் ஆயில் அழுத்தம் பார்த்து, கியர் விழுவதைப் பார்த்து வாங்கலாம். ஒரு நட்டு தொலைந்தால்கூட, எடுத்துக்கொள்ள முற்றத்தில் ஒரு கார் நிற்கிறது. எந்தக் குழாய் எதற்குப் போகிறது என்று சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த புத்தகம் கிடையாது.

பழைய டர்போ இன்ஜினை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஓடுகிற நிலையில் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாகத் துவாரத்தின் மேல் வைத்துவிடுங்கள். ஆடினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங்குகள் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது என்று பொருள். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறதா என்பதை நீங்களே பாருங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்க்க முடிந்தால், நல்ல இன்ஜினில் 24 முதல் 30 பார் வரை காட்டும். அந்த எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 பாருக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் முக்கியம். ஆனால் அளக்கும் முன் வால்வ் இடைவெளியைச் சரிசெய்துவிடுங்கள். இதில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் கிடையாது. இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.35 மி.மீ., குளிர்ந்த நிலையில். இடைவெளி இல்லாமல் இறுகிய வால்வுகள் நல்ல இன்ஜினையும் நோயாளியாகக் காட்டும். அப்படி விலையைக் குறைத்து வாங்கிய கெட்டிக்காரர்களும் உண்டு, சரி, அது வேறு கதை.

வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே உட்காருமா?

பார்ட்ஸ் கார், அதாவது பாகங்களுக்காக வாங்கும் கார், டபிள்யூ123-ஆக இருந்தால், இடது பக்க ஸ்டீயரிங் வண்டியில் உட்காரும். 240டி-யின் பானெட்டைத் திறந்தாலே தெரியும், இன்ஜினுக்கு முன்னால் இடம் தாராளமாகக் கிடக்கிறது. ஐந்து சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் அந்த அறையைக் கட்டியிருக்கிறார்கள். கூடுதல் நீளம் முன்பக்கம் போகிறது, கியர் பாக்ஸ் பழைய இடத்திலேயே இருக்கும். 300டி-யின் கைகள், மவுண்டிங், இன்ஜின் டேம்பர், ரேடியேட்டர், ஆயில் கூலர் எல்லாவற்றையும் மாற்றிப் போடுங்கள். முன் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையென்றால் வண்டி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போகும்.

இந்தக் காரின் பானெட்டை ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்த முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கீலில் உள்ள பூட்டைத் தளர்த்தினால் 90 டிகிரிக்குப் போகும். பானெட்டைக் கழற்றி எங்கே சாய்த்து வைப்பது என்று தேட வேண்டாம். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே, செயின் பிளாக்கில் சாய்த்து வெளியே எடுப்பது, இரண்டையும் வண்டிக்குள்ளேயே பிரிப்பதைவிட எளிது.

என் வண்டி மேனுவல் கியர். அதையே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால், இந்த வேலையின் பெரிய ருசியே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற 300டி டர்போ எல்லாம் ஆட்டோமேட்டிக். டர்போவும் கிளட்சும் சேர்ந்த டபிள்யூ123 செடான் அங்கே கடையில் கிடைத்ததே இல்லை, செய்துகொண்டால்தான் உண்டு.

ஆனால் இங்கேதான் பலர் இடறி விழுகிறார்கள். 240டி-யின் ஃப்ளைவீலை (கிராங்கின் பின்முனையில் கிளட்சைத் தாங்கும் கனமான சக்கரத்தை) எடுத்து 617-இன் கிராங்கில் வைத்தால் போல்ட் துளைகள் கச்சிதமாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று முடுக்கிவிட்டுப் போகாதீர்கள். தொழிற்சாலையில் கிராங்கையும் அதன் பின்னால் இருக்கும் தட்டையும் ஒன்றாகப் பூட்டி, ஒரே பொருளாகத்தான் பேலன்ஸ் செய்திருக்கிறார்கள். அதாவது 617-இன் பின்தட்டில் இருக்கும் எடைக் கோணல், அந்தக் கிராங்கின் கோணலைச் சரிக்கட்டுவதற்கென்றே இருப்பது. அதை எடுத்துவிட்டு வேறொரு கிராங்குக்காகச் செய்த ஃப்ளைவீலைப் போட்டால் இரண்டு கோணல்களும் கூடிக்கொள்ளும். ஐடிலிங்கில் தெரியாது. 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். அப்படியே ஓட்டினால் கிராங்கும் பேரிங்கும்தான் விலை கொடுக்கும்.

செய்ய வேண்டியது இது. 617-இன் பழைய பின்தட்டைக் கழற்றும் முன் கிராங்கில் எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்று குறி போடுங்கள். தட்டையும் உங்கள் ஃப்ளைவீலையும் ஒரு நல்ல பேலன்சிங் பட்டறையில் கொடுத்து, தட்டில் எவ்வளவு எடை எந்த இடத்தில் ஏறியிருக்கிறதோ அதே அளவு, அதே இடத்தில் ஃப்ளைவீலிலும் வரும்படி செய்து தரச் சொல்லுங்கள். "ஜீரோவுக்குப் பேலன்ஸ் செய்து தருகிறேன்" என்று பட்டறைக்காரர் சொன்னால் புரியவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்து விளக்குங்கள். நான் காகிதத்தில் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது.

அப்புறம் சின்ன விஷயம், ஆனால் மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்: ஆட்டோமேட்டிக் வண்டியின் கிராங்க் முனையில் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இருக்காது. அதைப் போட்டுவிட்டு மூடுங்கள். கிளட்சைப் பொறுத்தவரை, டீசல் பம்பைத் திருகிச் சக்தியைக் கூட்டாத வரை 240டி-யின் கிளட்ச் தாங்கும்.

என்னுடையது ஆட்டோமேட்டிக். அதற்கு?

பார்ட்ஸ் காரின் கியர் பாக்ஸையும் இன்ஜினோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள், பிரிக்காதீர்கள். இந்தக் கியர் பாக்ஸ் எப்போது, எவ்வளவு மென்மையாகக் கியர் மாற வேண்டும் என்பதை ஒரு கேபிளும் வேக்யூமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. டீசலில் பெட்ரோல் இன்ஜினைப் போல இயல்பான வேக்யூம் கிடையாது. அதனால் டீசல் பம்பின் மேல் ஒரு வால்வ் வைத்து, மிதிக்கு ஏற்ப செயற்கையாக வேக்யூமைக் கூட்டிக் குறைக்கிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களில் ஒன்றை இடம் மாற்றி மாட்டினாலும் ஒவ்வொரு கியருக்கும் முதுகில் குத்து விழும். கியர் பாக்ஸ் போய்விட்டது என்று பயந்து அதைப் பிரித்தவர்கள் உண்டு. குழாய்களைக் கழற்றும் முன் கைபேசியில் இருபது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஃபரென்ஷியலையும் மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். நான் முதலில் மாற்றாமல் ஓட்டி, ஒரு மாதத்தில் திருந்தியவன்.

240டி-யின் பின்னச்சு விகிதம் 3.69. அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர் பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்கு வரும் தண்டு 3.69 முறை சுற்ற வேண்டும். சக்தி குறைந்த இன்ஜின் வண்டியை நகர்த்த வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 300டி டர்போவில் 3.07, கடைசி ஆண்டான 1985-இல் 2.88. நேர் விகிதமான நான்காவது கியரில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது கணக்குப் பார்த்தால், 3.69-இல் இன்ஜின் சுமார் 3,200 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டிருக்கும். 3.07-இல் சுமார் 2,650. 2.88-இல் 2,500-தான். டர்போவுக்கு அதிகபட்ச டார்க் கிடைப்பதே 2,400-க்குப் பக்கத்தில் என்பதால், 3.07-ஓ 2.88-ஓ போட்டால் நெடுஞ்சாலை வேகமும் இன்ஜினின் பலமும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். 3.69-ஐ வைத்துக்கொண்டால் முதல் கியர் போட்ட கையோடு இரண்டாவதைத் தேட வேண்டியிருக்கும், லாரி ஓட்டுவது மாதிரி.

மேனுவல் கியரோடு 2.88 போட்டால் மலையில் முதல் கியரில் கிளம்புவது கொஞ்சம் சோம்பலாக இருக்கும். அதனால் நான் 3.07-ஐத்தான் வைத்திருந்தேன். இன்னொன்று: ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸிலிருந்து கேபிளில் ஓடுவது. பின்னச்சை மாற்றினால் அது பொய் சொல்லும். பார்ட்ஸ் காரின் மீட்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஓடிய கி.மீ. கணக்கை எழுதி வைத்துக்கொண்டு.

வயரிங்?

இரண்டு மணி நேர வேலை. கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், வெப்ப சென்சார், ஹீட்டர் பிளக், அவ்வளவுதான். ஆயில் அழுத்த மீட்டருக்கு வயரே கிடையாது, மெல்லிய குழாயில் ஆயிலே டேஷ்போர்டு வரை போகிறது. அந்தக் குழாயை மட்டும் முறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறிந்தால் காலுறை நனையும்.

இன்ஜினை மாற்றிய பிறகு, சாவியை எடுத்தாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. பேய் பிடித்துவிட்டதா?

வேக்யூம் கசிகிறது. இந்தக் காரில் இன்ஜினை அணைப்பதே வேக்யூம்தான்: சாவியைத் திருப்பினால் டீசல் பம்பில் உள்ள ஒரு சிறு டயாஃப்ரம் இழுத்து டீசலை நிறுத்தும். அதே வேக்யூமில்தான் நான்கு கதவுப் பூட்டுகளும் டீசல் டேங்க் மூடியும் ஓடுகின்றன. பின் கதவில் ஒரு ரப்பர் கிழிந்தால் முன்னால் இன்ஜின் நிற்காது. பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் "ஸ்டாப்" என்று எழுதிய நெம்புகோலை அழுத்தினால் நின்றுவிடும். அப்புறம் நிதானமாக ஒவ்வொரு கதவாகச் சோதியுங்கள்.

வலது பக்க ஸ்டீயரிங் வண்டியில் செய்யலாமா?

யோசித்துச் செய்யுங்கள். இந்த இன்ஜினில் டர்போவும் எக்ஸாஸ்டும் வலது பக்கம். இந்தியா, இலங்கை, இங்கிலாந்து வண்டிகளில் ஸ்டீயரிங் பாக்ஸும் அதே பக்கம். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அந்த இடம் போதும். டர்போவும் அதன் குழாயும் வந்தால் இடம் நெருக்கும், சூடும் ஏறும். இன்ஜினை வாங்கும் முன் அளவெடுங்கள். டர்போ இல்லாத 300டி இன்ஜின், 88 குதிரைசக்தி, வலது பக்க வண்டிகளுக்குத் தொழிற்சாலையே போட்டுக் கொடுத்தது. பலருக்கு அதுவே சரியான விடை.

இதைவிடப் புதிய ஓஎம்603, ஓஎம்606 இன்ஜின்களைப் போட்டால் இன்னும் வேகமாகப் போகாதா?

போகும். 606 என்பது 24 வால்வு, ஆறு சிலிண்டர், 177 குதிரைசக்தி. அதன் எலக்ட்ரானிக் பம்பைக் கழற்றிவிட்டு பெரிய மெக்கானிக்கல் பம்பை மாட்டி, 400 குதிரைசக்திக்கு மேல் எடுக்கும் கைகாரர்கள் ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கார்கள் பனியில் கரும்புகை விட்டுக்கொண்டு பறப்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு வேலை. மவுண்டிங், சைலன்சர், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். 603-இன் ஆரம்பகால அலுமினிய ஹெட் விரிசல் விடும். அதன் 3.5 லிட்டர் வகை கனெக்டிங் ராடை வளைத்துக்கொள்ளும் பெயர் பெற்றது. 617-இன் ஹெட் வார்ப்பிரும்பு, நீங்கள் மறந்தாலும் அது மன்னிக்கும்.

ஊரில் ஓடிய மட்டடோர் வேனின் இன்ஜினும் பென்ஸ் இன்ஜின்தான் என்கிறார்களே?

உண்மைதான். பஜாஜ் டெம்போ உரிமம் பெற்றுத் தயாரித்தது இதே ஓஎம்616-ஐத்தான். இன்றைய ஃபோர்ஸ் நிறுவனம் அதன் தொடர்ச்சி. கூர்க்கா ஜீப்பில் வந்த 2.6 லிட்டர் டர்போ இன்ஜினும் அந்த வம்சம். தமிழ்நாட்டில் கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிய மட்டடோரில் போனவர்கள், தெரியாமலேயே ஒரு பென்ஸின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். உறவு இருக்கிறது என்பதற்காக எல்லாப் பாகமும் மாறிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். வேனுக்கான சம்ப், கைகள், பம்ப் அமைப்பு எல்லாம் வேனுக்கானவை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. கலிபோர்னியாவில் 1997 மாடல் வரையிலான டீசல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. டீசலுக்கு டீசல் மாற்றும் இந்த வேலை அங்கே பெரிதாகச் சிக்கவில்லை.

ஜெர்மனியில் 30 வயதைக் கடந்த கார்களுக்கு நம்பரின் முடிவில் "ஹெச்" எழுத்து கொடுக்கிறார்கள். வரி ஆண்டுக்கு 191 யூரோ, நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் போகலாம். ஆனால் மாற்றங்கள் அந்தக் காரின் காலத்துக்குரியவையாக இருக்க வேண்டும். அதே வரிசையில், அதே ஆண்டுகளில் வந்த 617 டர்போ என்றால் பரிசோதகரிடம் பேச உங்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1996-இன் 606-ஐக் கொண்டுபோனால் இல்லை. வேலையைத் தொடங்கும் முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவில் இது கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே வகை இன்ஜினை மாற்றி ஆர்.சி.யில் எண்ணைத் திருத்திக்கொள்வது ஒன்று, நான்கு சிலிண்டர் 2.4-இன் இடத்தில் ஐந்து சிலிண்டர் 3 லிட்டர் டர்போவை வைப்பது வேறு. 2021-இல் வந்த விண்டேஜ் விதியும் 50 வயதைக் கடந்து, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்குத்தான். இன்ஜினை மாற்றினால் அந்த வாய்ப்பையும் இழக்கிறீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

பம்பைத் திருகி இன்னும் சக்தி எடுக்கலாமா?

கொஞ்சம் எடுக்கலாம். முதலில் எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் மீட்டரை டர்போவுக்கு முன்னால் பொருத்துங்கள். தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக விடாதீர்கள். பின்னால் கரும்புகை வந்தால் அது சக்தி இல்லை, எரியாத டீசல்.

சமையல் எண்ணெயில் ஓடுமாமே?

ஓடும். அமெரிக்காவில் ஓட்டல் வாசல்களில் பழைய எண்ணெய் வாங்க இந்தக் கார்கள் வரிசையில் நின்ற காலம் உண்டு. பின்னால் வடை வாசனை வரும். ரிங்கில் பிசின் பிடிக்கும். இவ்வளவு பாடுபட்டு மாற்றிய இன்ஜினுக்கு டீசலே ஊற்றுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

எனக்கு, ஒரு நண்பரின் துணையோடு, ஆறு வார இறுதிகள். இன்ஜின் உள்ளே போனது ஒரே நாள். மீதி எல்லாம் ரப்பர், குழாய், துருப்பிடித்த போல்ட், ஃப்ளைவீலுக்காகக் காத்திருந்தது. பின்னச்சு அதற்கு மேல் ஒரு ஞாயிறு.

கழற்றிய பழைய 240டி இன்ஜினை என்ன செய்வது?

விற்காதீர்கள். ஆயில் ஊற்றி, துவாரங்களை அடைத்து, பலகையில் கட்டி வையுங்கள். வண்டியை என்றாவது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், பாடியில் அடித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் சேர்ந்திருப்பது விலையில் தெரியும். என்னுடையதை மூன்று வருடம் காரேஜ் மூலையில் வைத்திருந்தேன். காரை வாங்கியவர் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். லாரியில் ஏற்றும்போது, இது இன்னும் ஓடுமா என்று கேட்டார். நான்கு ஹீட்டர் பிளக்கும் ஒரு பேட்டரியும் கொண்டுவந்தால் இங்கேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன்.